எரிந்த சப்வூஃபரின் மேக்னட்டை வைத்துப் புதிதாக ஒன்று கட்ட முடியுமா?

கேள்வி இது: காரில் இருந்த 12 அங்குல சப்வூஃபரின் (பேஸ் ஓசைக்கான ஸ்பீக்கர்) காயில், அதாவது கம்பிச்சுருள், எரிந்துவிட்டது. அதோடு சேர்ந்து அசையும் கோனும் கிழிந்துவிட்டது. பழைய சாமான் கடையில் இன்னும் இரண்டு மேக்னட் கிடைத்திருக்கின்றன. ஒன்று, இரட்டை மேக்னட் வைத்த வேறொரு கார் சப்வூஃபர். அதன் சட்டம் நெளிந்திருக்கிறது. மற்றது, மேடை ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய கனமான மேக்னட். மூன்றில் எதை வைத்துக் கட்டலாம்? என்ன கோன், என்ன காயில் வாங்க வேண்டும்?

தாராளமாகக் கட்டலாம். கவனமாகக் கட்டினால் கடையில் வாங்கும் நடுத்தர விலை சப்வூஃபரை விட நன்றாகவே வரும். ஆனால் நீங்கள் கோனை முதலில் கேட்கிறீர்கள், கடைக்காரரும் முதலில் கோனைத்தான் எடுத்துக் காட்டுவார். வரிசை அப்படி இருக்கக் கூடாது. முதலில் மேக்னட் பகுதியை அளக்க வேண்டும். அந்த அளவுக்குப் பொருந்தும் காயில், காயிலுக்குப் பொருந்தும் ஸ்பைடர் (காயிலை நடுவில் பிடித்திருக்கும் அலைமடிப்பு வளையம்), கோன் எல்லாவற்றுக்கும் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் ரீகோன் செய்த, அதாவது கோனும் காயிலும் மாற்றிக் கட்டிய, பல ஸ்பீக்கர்கள் இரண்டே மாதத்தில் உராயத் தொடங்குகின்றன.

காந்தம், அதன் மேல்தட்டு, அடித்தட்டு, நடுவில் நிற்கும் இரும்புத் தண்டு, இவை சேர்ந்ததை இனி மோட்டார் என்றே சொல்கிறேன். மேல்தட்டின் துளைக்கும் நடுத்தண்டுக்கும் இடையே வளையமாக ஓர் இடுக்கு இருக்கிறது. காயில் அந்த இடுக்கில்தான் மேலும் கீழும் போய் வருகிறது. 1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ரைஸ், கெல்லாக் இருவரும் காட்டிய அமைப்பும் அடிப்படையில் இதேதான். காயில், ஸ்பைடர், கோன், விளிம்பு ரப்பர் எல்லாம் தேயும், எரியும், கிழியும். மோட்டாரில் அசையும் பாகமே கிடையாது. அதனால்தான் இருபது வருடம் ஓடிய ஸ்பீக்கரிலிருந்தும் அதை எடுத்துத் திரும்பப் பயன்படுத்த முடிகிறது.

காயில் எரிந்தால் காந்தமும் கெட்டுப்போயிருக்குமே என்று பலர் பயப்படுகிறார்கள். கறுப்பாக, பீங்கான் போல இருக்கும் ஃபெரைட் காந்தமென்றால் அந்தப் பயம் வேண்டாம். ஃபெரைட் தன் காந்தத்தன்மையை முழுதாக இழக்க 450 டிகிரி வரை சூடேற வேண்டும். காயிலின் பசையும் வார்னிஷும் அதற்கு வெகு முன்பே கருகி, கம்பி அறுந்துவிடும். சுற்றியிருக்கும் கிலோக்கணக்கான இரும்பும் சூட்டை வாங்கிப் பரப்பிவிடுகிறது. சூட்டில் ஃபெரைட் கொஞ்சம் வலு குறையும், ஆறியதும் திரும்ப வந்துவிடும். நியோடிமியம் அப்படியல்ல. சாதாரண ரகம் 80 டிகிரியைத் தாண்டினாலே நிரந்தரமாக வலுவிழக்கத் தொடங்கும். அளவில் சிறிய, பளபளப்பான பூச்சுள்ள காந்தம் இருக்கும் சப்வூஃபர் எரிந்து கிடைத்தால், கடைசியில் நான் சொல்லும் உப்புப் பாக்கெட் சோதனை செய்யாமல் நம்பாதீர்கள்.

சென்னையில் புதுப்பேட்டை போன்ற இடங்களில் மோட்டார் தேடினால் முதலில் பின்பக்க ரப்பர் உறையைக் கழற்றிப் பாருங்கள். சிலவற்றில் உறை ஒரு சாண் உயரம் இருக்கும், உள்ளே காந்தம் இரண்டு விரல் தடிமன்கூட இருக்காது. அடுத்து இடுக்கைப் பாருங்கள். நடுமூடி இல்லாவிட்டால் டார்ச் அடித்து நேராகப் பார்க்கலாம். இடுக்கு சுற்றிலும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் குறுகலாகவும் இருந்தால், யாரோ கீழே போட்டுப் பசை விட்டு, காந்தம் நகர்ந்திருக்கிறது. அதைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவரப் பித்தளை ஆப்புகளும் அனுபவமும் வேண்டும். முதல்முறை கட்டுபவர் அதை வாங்க வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்து வந்த ஸ்பீக்கரில் இடுக்குக்குள் துரு இருக்கும். 2015-லும் 2023-லும் சென்னையில் மூழ்கிய கார்கள் கொஞ்சநஞ்சமல்ல, ஆகவே இது அரிதாக நடப்பதல்ல. மேலோட்டமான பழுப்புப் படலம் என்றால் தின்னர் நனைத்த துணியில் போய்விடும். செதில் செதிலாக உதிரும் துரு என்றால் விட்டுவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம் என்று தோன்றும். தேய்த்தால் வரும் இரும்புப் பொடி அங்கேயே காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், எளிதில் வெளியே வராது.

எக்காரணம் கொண்டும் காந்தத்தையும் தட்டுகளையும் பிரிக்காதீர்கள். தொழிற்சாலையில் முதலில் எல்லாவற்றையும் ஒட்டி, அதன் பிறகுதான் காந்தமேற்றுகிறார்கள். பிரித்த தட்டைத் திரும்ப வைக்கும்போது அது பாய்ந்து ஒட்டும். இடையில் விரல் இருந்தால் எலும்பு நொறுங்கும், ஃபெரைட் விளிம்பும் உடையும். இடுக்கின் மையமும் போய்விடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலை நடக்கும் மேசைக்கு அருகிலேயே வரக் கூடாது. வெல்டிங்கோ கிரைண்டரோ ஓடும் பட்டறையிலும் மோட்டாரைத் திறந்து வைக்காதீர்கள். காற்றில் பறக்கும் இரும்புத் துகள் அத்தனையும் அந்த இடுக்குக்குள்தான் போய் உட்காரும்.

பழைய கோனைக் கழற்றுவது எளிது. கோனிலிருந்து டெர்மினலுக்குப் போகும் பின்னல் கம்பிகளைச் சூடு வைத்து எடுங்கள். விளிம்பு ரப்பரையும் ஸ்பைடரையும் பிளேடால் சுற்றி அறுத்தால் மொத்தமும் கையில் வந்துவிடும். எரிந்த காயில் வீங்கி இடுக்கில் சிக்கியிருந்தால் மெல்லத் திருகித் திருகி இழுங்கள், ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்ப வேண்டாம். காயில் வெளியே வந்த அடுத்த நொடியே மாஸ்கிங் டேப் போட்டு இடுக்கை மூடிவிடுங்கள். இனி அளக்கும்போதும் சுத்தம் செய்யும்போதும் மட்டுமே அந்த டேப்பை எடுக்க வேண்டும்.

சட்டத்தில் மிஞ்சிய பழைய பசையைத் தின்னரில் ஊறவைத்துச் சுரண்டலாம். ஹீட் கன் வைத்தால் ஃபெரைட்டின் மேல் நேராகக் காட்டாதீர்கள், ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் பீங்கான் மாதிரி விரிசல் விடும். கருகிய வார்னிஷ் நடுத்தண்டில் கரியாகப் படிந்திருக்கும். பிளாஸ்டிக் அட்டையில் துணியைச் சுற்றித் தின்னர் தொட்டுத் துடையுங்கள். பிறகு ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி மாஸ்கிங் டேப்பை ஒரு கெட்டி அட்டையில் மடித்து, இடுக்குக்குள் விட்டு விட்டு எடுங்கள். டேப்பில் ஒன்றும் ஒட்டாமல் வரும் வரை செய்ய வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் மொத்த வேலையில் பாதி தரம் இங்கேதான் இருக்கிறது. ஒரே ஒரு இரும்புத் துகள் மிஞ்சினாலும் அது காயிலின் எனாமலைச் சுரண்டிக்கொண்டே இருந்து ஒருநாள் ஷார்ட் ஆக்கிவிடும்.

இனி அளவெடுப்பது. இரும்பு வெர்னியர் காந்தத்தில் போய் ஒட்டும், பிளாஸ்டிக் வெர்னியர் வாங்கிக்கொள்ளுங்கள். எடுக்க வேண்டியவை ஐந்து: நடுத்தண்டின் விட்டம், மேல்தட்டின் துளை விட்டம், மேல்தட்டின் தடிமன், மேல்தட்டின் அடிப்பக்கத்திலிருந்து அடித்தட்டு வரை ஆழம், மேல்தட்டிலிருந்து ஸ்பைடர் ஒட்டும் திண்டு வரை உயரம்.

உங்கள் இரட்டை மேக்னட் மோட்டார் எப்படி இருக்கலாம் என்று ஒரு கணக்குப் போடுவோம். நடுத்தண்டு 62.7 மிமீ, மேல்தட்டுத் துளை 68.3 மிமீ என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு இரண்டரை அங்குலக் காயில், அதாவது உள்விட்டம் 63.5 மிமீ காயில் பொருந்தும். உள்பக்கம் 0.4 மிமீ இடைவெளி கிடைக்கிறது. கம்பி நான்கு அடுக்காகச் சுற்றி வெளிவிட்டம் 67.5 மிமீ இருந்தால் வெளிப்பக்கமும் 0.4 மிமீ. கையால் கட்டும் சப்வூஃபருக்கு இது நல்ல அளவு. இதைவிடக் குறைத்தால் சூட்டில் காயில் விரியும்போது உராயும். மிக அதிகமாக விட்டால் காந்தப் புலத்தில் ஒரு பகுதி வீணாகும், காயிலின் சூடு இரும்புக்குக் கடத்தப்படுவதும் குறையும். “இரண்டரை இஞ்ச் காயில்தானே, எது போட்டாலும் போகும்” என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டரை அங்குலம் என்ற பெயரிலேயே 63.5-உம் விற்கிறது, 65.5-உம் விற்கிறது. உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டையும் கடையிலேயே வெர்னியர் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து காயிலின் சுற்று உயரம். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். மேல்தட்டு 10 மிமீ, சுற்று உயரம் 34 மிமீ என்றால், காயிலை நடுவில் நிறுத்தும்போது மேலே 12, கீழே 12 மிமீ நீட்டிக்கொண்டிருக்கும். அந்த 12 மிமீதான் ஒரு திசையில் காயில் சீராகப் போகக்கூடிய தூரம். எக்ஸ்மேக்ஸ் என்பது இதைத்தான். இரட்டை மேக்னட்டில் ஒவ்வொன்றும் 20 மிமீ என்றால் உள்ளே 40 மிமீ ஆழம். அதில் 12 மிமீயைக் காயில் எடுத்துக்கொள்ளும், காயில் குழாயின் அடிவால் இன்னும் 2 மிமீ. மிச்சம் 26 மிமீ. 12 மிமீ ஓட்டத்துக்கு இது தாராளம்.

இதே 34 மிமீ காயிலை 20 மிமீ ஒற்றை மேக்னட்டில், 8 மிமீ தட்டில் போட்டால்? கீழே 13 மிமீ நீட்டும், அடிவால் 2 மிமீ போக 5 மிமீதான் மிச்சம். கொஞ்சம் சத்தம் கூட்டியதும் காயில் குழாய் அடித்தட்டில் ‘டக் டக்’ என்று இடிக்கும். இரண்டு மூன்று பாட்டிலேயே குழாயின் அடி நசுங்கிவிடும். உங்கள் பழைய சப்வூஃபர் ஒற்றை மேக்னட் என்றால், அதில் 24 மிமீக்கு மேல் உயரமான காயில் போடாதீர்கள். நீளமான காயில் நிறைய அசையும் என்று சொல்லி விற்பார்கள். அசைய இடம் இருந்தால்தான் அசையும்.

மேடை ஸ்பீக்கர் மேக்னட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது வேறு இனம். பெரும்பாலும் நான்கு அங்குலக் காயில், குறுகலான இடுக்கு, மிக வலுவான புலம். லேசான கோனைக் குறைந்த தூரத்தில் வேகமாக ஆட்டிப் பெரிய சத்தம் எடுக்க வடிவமைத்தது. உள்ளே ஆழமும் அதிகம் இருக்காது. அதில் கனமான கார் கோனை மாட்டினால் ஓடத்தான் செய்யும், ஆனால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே நீங்கள் எதிர்பார்க்கும் அதிர்வு வராது. காந்தம் கனமாக இருப்பதாலேயே பேஸ் நன்றாக வரும் என்பது தவறான எண்ணம். அதை அதே வகை மேடை ஸ்பீக்கர் கிட் போட்டு மேடைக்கே கட்டுங்கள், அல்லது தேவைப்படுபவருக்கு விற்றுவிடுங்கள். காருக்கு என் தேர்வு சந்தேகமே இல்லாமல் அந்த இரட்டை மேக்னட்தான்.

நெளிந்த சட்டத்துக்கு என்ன செய்வது? உங்கள் பழைய சப்வூஃபரின் சட்டம் வார்ப்பு அலுமினியமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்பைடரை எடுத்ததும் உள்பக்கம் சுற்றிலும் திருகுகள் தெரியும், அவைதான் மேல்தட்டைச் சட்டத்தோடு பிடித்திருப்பவை. கழற்றினால் மோட்டார் தனியாக வந்துவிடும். தகடு அழுத்திச் செய்த சட்டத்தில் தட்டை ரிவெட் போலத் தட்டி இறுக்கியிருப்பார்கள், அதைப் பிரிப்பதும் திரும்ப இறுக்குவதும் மினக்கெடத் தகாத வேலை.

திருகுத் துளைகள் ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் ஒத்துப்போவது அபூர்வம். லேத் பட்டறையில் 6 மிமீ அலுமினியத் தகட்டில் ஒரு வளையம் கடைந்து வாங்குங்கள். ஒரு வரிசைத் துளை மோட்டாருக்கு, இன்னொரு வரிசை சட்டத்துக்கு, திருகுத் தலைகள் மேலே துருத்தாதபடி குழித்து. இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்பதைக் கடைசல்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள். சட்டம் மோட்டாருக்கு அரை மிமீ பக்கவாட்டில் விலகியிருந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. காயிலின் மையத்தை நாம் நடுத்தண்டை வைத்துத்தான் பிடிக்கப்போகிறோம், ஸ்பைடர் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஆனால் சட்டம் சாய்ந்துவிட்டால் காயில் ஒவ்வொரு அசைவிலும் கோணலாகப் போகும், எத்தனை முறை மையம் பார்த்தாலும் சரியாகாது. வளையத்தின் 6 மிமீ உயரம் ஸ்பைடர் திண்டையும் அதே அளவு உயர்த்தும். நீண்ட ஓட்டமுள்ள காயிலுக்கு அது நல்லதே. ஸ்பைடர் கீழே போகும்போது மேல்தட்டில் மோதாது.

காயில் குழாய் அலுமினியம், கேப்டன் (சூடு தாங்கும் பிளாஸ்டிக் படலம்), கண்ணாடி நார் எனக் கிடைக்கும். காருக்குக் கருப்பு அலுமினியமோ கண்ணாடி நாரோ எடுங்கள், காகிதக் குழாய் வேண்டாம். கம்பி செம்பாக இருக்கட்டும். இரட்டைச் சுற்று, ஒவ்வொன்றும் 4 ஓம் என்று வாங்கினால் இணையாக இணைத்து 2 ஓம், தொடராக இணைத்து 8 ஓம் என்று இருவிதமாகவும் பயன்படுத்தலாம். மல்டிமீட்டரில் ஒவ்வொரு சுற்றும் 3.3 ஓம் அளவில் காட்டும், அதுதான் சரி. ஸ்பைடரின் உள்துளை காயில் குழாய்க்கும், வெளிவிட்டம் சட்டத்தின் திண்டுக்கும் பொருந்த வேண்டும். கோனைப் பொறுத்தவரை அழுத்தமான காகிதக் கூழ் கோன், ரப்பர் விளிம்பு. ஸ்பாஞ்ச் விளிம்பு நம் ஈரக் காற்றில் சில வருடங்களில் பொடிந்துபோகும். பாலிப்ரோபிலீன் கோன் பார்க்க அழகு, ஆனால் அதற்கென்று உள்ள ப்ரைமர் இல்லாமல் எந்தப் பசையும் அதில் பிடிக்காது. சென்னை ரிச்சி தெருவிலோ டெல்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டிலோ இந்த உதிரிகளைத் தேடலாம். காயில், ஸ்பைடர், கோன் மூன்றும் சேர்ந்து புதிய சப்வூஃபர் விலையில் பாதியைத் தாண்டினால், மோட்டார் உண்மையிலேயே நல்லதாக இருந்தாலொழியச் செய்யாதீர்கள்.

கட்டும் முறை. எக்ஸ்ரே படச்சுருளை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு தாள் சுமார் 0.2 மிமீ இருக்கும். நம் கணக்கில் உள்பக்க இடைவெளி 0.4 மிமீ, ஆக இரண்டு அடுக்கு. நடுத்தண்டைச் சுற்றிக் கிட்டத்தட்ட முழு வட்டமாகப் படத்தைச் சுற்றி, அதன் மேல் காயிலை இறக்குங்கள். பிசிறில்லாமல், இறுக்கமும் இல்லாமல் வழுக்கி இறங்க வேண்டும். படம் பிறகு பிடித்து இழுக்கும்படி மேலே நீட்டிக்கொண்டிருக்கட்டும். காயிலின் சுற்று மேல்தட்டுக்கு மேலே சரியாக 12 மிமீ தெரிய வேண்டும். நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். 1 மிமீ ஏறியிருந்தாலும் வெளியே ஒரு தூரம், உள்ளே ஒரு தூரம் என்று ஓடி ஓசை கரகரக்கும்.

முதலில் ஸ்பைடர். திண்டில் பசை, காயில் குழாயில் பசை, ஸ்பைடர் அலை அலையாக எந்த இழுப்பும் இல்லாமல் படுத்திருக்க வேண்டும். காயுமுன் உயரத்தை மறுபடி அளங்கள். அது முழுதாக இறுகிய பிறகு கோன். கோனின் கழுத்து, காயில் குழாய், ஸ்பைடர் மூன்றும் நெருங்கும் இடத்தில்தான் மொத்த விசையும் பாய்கிறது. அங்கே எபாக்சியை ஒரு வரப்பு போலச் சுற்றிலும் நிரப்புங்கள். வீட்டு உபயோக எபாக்சி 60, 70 டிகிரியைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். காயில் அதைவிட எவ்வளவோ சூடேறும். அதிகச் சூடு தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள், ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகத்தை இந்த இடத்தில் போடவே வேண்டாம். விளிம்பு ரப்பருக்கு மட்டும் ரப்பர் பசை. அதையும் ஒட்டி ஒரு நாள் முழுதும் தொடாமல் விடுங்கள்.

கோனிலிருந்து டெர்மினலுக்குப் போகும் பின்னல் கம்பிக்குப் பதிலாகச் சாதாரண வயரைப் போட்டுவிடாதீர்கள். நொடிக்கு நாற்பது முறை மடங்கி நிமிர்ந்தால் சாதாரண வயர் உள்ளுக்குள் முறிந்துவிடும். கோன் முழுதாக வெளியே வந்தாலும் இழுபடாத, உள்ளே போனாலும் கோனில் அடிக்காத நீளம் பார்த்து வையுங்கள். பிறகு எக்ஸ்ரே படத்தை மெல்ல உருவுங்கள். இரு கை விரல்களாலும் கோனைச் சமமாக அழுத்தி, காதை அருகில் வைத்துக் கேளுங்கள். சுத்தமான அமைதி வேண்டும். 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸைக் காயிலின் பிளஸ்ஸில் தொட்டால் கோன் வெளியே தள்ள வேண்டும். இரண்டு சுற்றையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள், ஒன்று மாறியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து, காயில் எரியுமே தவிர ஓசை வராது. அடுத்து 20 ஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த வால்யூமில் கொடுத்து மறுபடி காது வையுங்கள். எல்லாம் சரியென்றால் கடைசியாக நடுமூடியை ஒட்டலாம்.

இப்போது அந்த உப்புப் பாக்கெட். மோட்டாரின் உண்மையான வலு அதன் எடையில் தெரியாது. பி.எல். என்ற எண்ணில்தான் தெரியும்: ஓர் ஆம்பியர் மின்சாரம் ஓடினால் காயில் எத்தனை நியூட்டன் விசையோடு தள்ளும் என்பது. ஸ்பீக்கரை மல்லாக்கப் படுக்கவைத்து, கோனின் உயரத்தை ஒரு குச்சி நுனியால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைக் கோனின் நடுவில் வையுங்கள், கோன் ஓரிரு மிமீ இறங்கும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய பவர் சப்ளையிலிருந்து, இரு சுற்றையும் தொடராக இணைத்து, கோன் பழைய குறிக்குத் திரும்ப ஏறும் வரை மெல்லக் கூட்டுங்கள். 9.81-ஐ அந்த ஆம்பியரால் வகுத்தால் பி.எல். கிடைத்துவிடும். 0.55 ஆம்பியரில் திரும்பினால் பி.எல். ஏறத்தாழ 18. எடைக்கு ரூபாய் நாணயங்களை வைக்காதீர்கள், இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் காந்தத்தில் ஒட்டும் எஃகு, எடை பொய்யாகிவிடும்.

இந்த எண் எதற்கு என்றால், சப்வூஃபரை வைக்கும் பெட்டியின் அளவு இதைப் பெரிதும் சார்ந்தது. ஆஸ்திரேலியாவில் 1961-இல் நெவில் தீலும், எழுபதுகளின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மாலும் என்ற பொறியாளர்கள் ஸ்பீக்கர் பெட்டிக்குப் போட்டுக்கொடுத்த கணக்கு இன்றும் மாறவில்லை. கோனும் காயிலும் சேர்ந்து 150 கிராம், இயல்பு அதிர்வெண் 30 ஹெர்ட்ஸ், காயில் மின்தடை 6.6 ஓம் என்றால், பி.எல். 18-க்கு க்யூ.இ.எஸ். (மோட்டார் கோனின் ஆட்டத்தை எவ்வளவு அடக்குகிறது என்ற எண், குறைந்தால் பிடிப்பு அதிகம்) 0.58 வரும். பி.எல். 14-தான் என்றால் அதே கோனில் 0.95. வலு வர்க்கமாகக் கணக்கில் சேர்வதால், மோட்டாரில் ஏற்படும் சிறு குறைவும் இப்படிப் பெரிதாகத் தெரியும். அப்படிப்பட்ட சப்வூஃபர் எந்தப் பெட்டியிலும் தொளதொளவென்றுதான் முழங்கும். மற்ற அளவுகளை ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருள், கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டு, ஒரு ரெசிஸ்டர் இவற்றை வைத்தே எடுக்கலாம்.

நம் எடுத்துக்காட்டில் க்யூ.டி.எஸ். (மோட்டார், ஸ்பைடர், விளிம்பு எல்லாம் சேர்ந்த அடக்கம்) 0.52, வாஸ் (ஸ்பைடர், விளிம்பின் நெகிழ்ச்சிக்குச் சமமான காற்றின் அளவு) 60 லிட்டர் என்று வந்தால், மூடிய பெட்டிக்குச் சுமார் 44 லிட்டர் போதும். பெட்டியோடு சேர்ந்த க்யூ 0.8, அதிர்வெண் 46 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். அதற்குக் கீழே ஓசை ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபெல் வீதம் இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் காரின் உள்நீளம் 2.8 மீட்டர் என்றால் ஏறத்தாழ 61 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தச் சிறிய அறையே ஏறக்குறைய அதே வீதத்தில் அழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும். கண்ணாடிகளும் கதவுகளும் கொஞ்சம் கசியவிடும், இருந்தாலும் இறக்கத்தின் பெரும்பகுதி ஈடாகிவிடுகிறது. கையால் கட்டிய சப்வூஃபரைத் துளை வைத்த பெட்டியில் போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். துளைப் பெட்டியில் அளவு கொஞ்சம் தவறினாலும் கீழ் அதிர்வெண்ணில் கோன் பிடிப்பில்லாமல் ஆடி, நீங்கள் பார்த்துப் பார்த்து ஒட்டிய ஸ்பைடரைப் பிய்த்துவிடும். பலகை 18 மிமீ பிளைவுட். கடற்கரை ஊரென்றால் மரநார் அழுத்திய எம்.டி.எஃப். பலகை ஈரத்தில் ஊதிவிடும்.

கடைசியாக, பழைய காயில் எதனால் எரிந்தது என்று யோசியுங்கள். ஆம்பின் (ஆம்ப்ளிஃபயர்) சக்தி போதாமல், அதன் கெயின் குமிழை முழுதாகத் திருகி, அலை வெட்டுப்பட்ட நிலையில் ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். காயில் 200 டிகிரிக்குச் சூடேறினால் செம்பின் மின்தடை 70 சதவீதம் கூடிவிடும். ஓசை குறைந்ததுபோல் தெரியும், உடனே கை வால்யூமைக் கூட்டப் போகும், எரிவது அப்போதுதான். புதிய காயிலை 2 ஓமில் 300 வாட்டுக்கு ஓட்டப்போகிறீர்கள் என்றால், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 40 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொடுத்து, ஆம்பின் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். 24.5 வோல்ட் காட்டும் இடத்தில் கெயினை நிறுத்தி, குமிழில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஹெட் யூனிட்டின் (காரின் ஸ்டீரியோ) பேஸ் பூஸ்ட்டை அணைத்து வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். முதல் பத்துப் பதினைந்து மணி நேரம் பாதிச் சத்தத்தில் ஓடட்டும். அதற்குள் ஸ்பைடர் இளகி, இயல்பு அதிர்வெண் இரண்டு மூன்று ஹெர்ட்ஸ் இறங்கியிருக்கும். அதன் பிறகு ஒருமுறை அளந்து, பெட்டிக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டு பலகையை அறுக்கலாம்.